நகத்துக்குப் பூசும் மருந்தும் ஜீவாவின் உள்ளங்கையும்

என் அன்பு மகனுக்கு,

கைபேசி இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். கைபேசியில் நீ என்னோடு கதைப்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? "சாப்பிட்டீங்களோ? குளிசை போட்டீங்களோ? சரி, அப்பாட்டைக் குடுங்கோ." இந்த மூன்றுக்கும் நடுவில் நான் சொல்ல நினைப்பதைச் செருக இடமே கிடைப்பதில்லை. ஜீவாவுக்கு இங்கிலாந்தில் தாதி வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதக் கடைசியில் இருவரும் போகிறீர்கள் என்று அப்பா சொன்னார். சந்தோசம். உண்மையாகவே சந்தோசம். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினாறு மாதத்துக்கு முன், உங்கள் கலியாணம் முடிந்து மூன்றாம் நாள், நான் ஜீவாவின் கையில் சோறு போட்ட விதத்தைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதென்றால் என் நகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிரிக்காதே. சிரித்தாலும் கடைசிவரை வாசி.

எங்கள் கீரைத் தோட்டம் உனக்குத் தெரியாததல்ல. பின்னேரம் கீரை பிடுங்கி, பிடி பிடியாகக் கட்டி, கிணற்றடித் தொட்டியில் அலசி அடுக்கினால்தான் விடிய அப்பா சங்கானைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். கட்டுவது அப்பா, அலசுவது நான். ஒவ்வொரு நாளும் மூன்று மணித்தியாலம் என் கை தண்ணீருக்குள் கிடக்கும். நீ கிளிநொச்சிக்கு வேலைக்குப் போன இரண்டாம் வருடம், வலது பெருவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வந்தது. கீரைக் கறை என்று நினைத்தேன். தேசிக்காய்த் தோலால் தேய்த்தேன், போகவில்லை. பிறகு நகம் தடித்து, பழுப்பு நிறமாகி, ஓரம் பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியது. அடுத்த விரலுக்குப் போனது, அதற்கடுத்த விரலுக்கும் போனது. இடது கையிலும் இரண்டு. அப்பா கேட்டாரா என்றால், இல்லை. நான் மூக்குத்தி மாற்றி ஆறு மாதம் கழித்து "உது புதுசோ?" என்று கேட்ட மனிதர் அவர். எனக்கும் அவர் கேட்காததே வசதியாக இருந்தது.

ஒரு நாள் கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போனேன். எத்தனையோ வருடமாக நான் போய் வெட்டுகிற இடம். பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது, பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பார்த்தாள். நல்ல மனுசி, நமக்குச் சொந்தமும் கூட. "அக்கா, நீங்கள் உதை வையுங்கோ. களைச்சுப் போனீங்கள், கொஞ்சம் இருங்கோவன்" என்று சொல்லி, பூசணிக்காயை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் களைக்கவில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாழையிலை துடைக்கலாம் என்று எழுந்து போனேன். அங்கேயும் ஒருத்தி "நான் துடைக்கிறன் அக்கா" என்றாள். வீட்டில் ஒரு அலுவல் கிடக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். வழி முழுக்க அழுதேன். அதன் பிறகு சீலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டுதான் எங்கேயும் போனேன். கலியாண வீடுகளில் கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பிறர் பார்த்தால் எனக்குப் புதிதாகப் பவிசு வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் நீ ஜீவாவைப் பற்றிச் சொன்னாய். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் தாதி, தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள் என்று சொன்னாய். நான் கேட்ட முதல் கேள்வி அவள் நல்லவளா என்பதல்ல. அந்த மக்களைப் பற்றி எங்கள் ஊரில் சொல்கிற ஒரு சொல்லைச் சொல்லி, "அவையளோ?" என்று கேட்டேன். அந்தச் சொல்லை இங்கே எழுதமாட்டேன். நீ மறந்திருக்கவும் மாட்டாய். மூன்று கிழமை, முழுதாக இருபத்தொரு நாள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் அப்பாதான் என்னைப் பிடித்து இருத்திக் கேட்டார். "இஞ்சேரும், அவையள் மலையிலையிருந்து அடிச்சுத் துரத்தப்பட்டு வந்து காடு வெட்டிக் காணி திருத்தின சனம். நாங்கள் சண்டை நேரம் இடம்பெயர்ந்து போய்ச் சாவகச்சேரியிலை ஆரோ ஒராளின்ரை விறாந்தையிலை படுத்தனாங்கள். அண்டைக்குத் தந்த சோத்தை ஆர் சமைச்சதெண்டு நீர் கேட்டனீரோ?" கேட்கவில்லை. பசி. கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டோம். அடுத்த நாள் உனக்குப் போன் எடுத்து, சரி என்றேன். சரி என்று சொல்ல நான் யார் என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கலியாணத்தன்று ஜீவாவைப் பார்த்த உடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. இதை நீ நம்பமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். அத்தனை சனத்துக்கு நடுவில் என் செருப்பு வார் அறுந்ததைக் கவனித்து, தன் தோழியின் செருப்பைக் கழற்றித் தரச் சொன்னவள் அவள். மணவறையில் இருந்துகொண்டே அதைக் கண்டிருக்கிறாள். அவ்வளவு கூர்மையான கண். அந்தக் கண்தான் எனக்குப் பயம் தந்தது. தாதி. ஒரு பார்வையில் நகத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். "இந்தக் கையாலோ என்ரை புருசனுக்கு இவ்வளவு காலமும் சோறு போட்டவா?" என்று நினைப்பாள். அதனால், எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது மாமியார் தன் கையால் கொடுக்க வேண்டிய பாலையும் பழத்தையும் உன் சின்னம்மாவிடம் தள்ளிவிட்டேன். "எனக்கு ஏலாது, தலை சுத்துது, நீ குடு" என்றேன். என் தங்கை ஒன்றும் விளங்காமல் கொடுத்தாள். நீ அப்போதே என்னை ஒரு பார்வை பார்த்தாய். கலியாணப் படங்களில் பார், எல்லாப் படத்திலும் நான் குளிர்காய்ச்சல்காரி போலச் சீலைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனால் என் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. மத்தியானச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் கீரைக்கடையலும் மிஞ்சிக் கிடந்தன. ஜீவா குசினிக்குள் வந்து, "மாமி, இவர் எப்பவும் உங்கடை குழையல் சோத்தைப் பற்றித்தான் கதைப்பார். இண்டைக்குக் குழைச்சு எனக்கும் ஒரு திரளை தாங்கோவன்" என்றாள். குழையல் என்றால் கை. சட்டிக்குள் சோற்றையும் கறிகளையும் போட்டு விரலால் பிசைந்து, உருட்டி, சுற்றியிருக்கிறவர்களின் உள்ளங்கையில் ஒவ்வொரு திரளையாக வைக்க வேண்டும். நீ படிக்கிற காலத்தில் சட்டி வழிக்கும்வரை கையை மடக்கவே மாட்டாய். அதையெல்லாம் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாய். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வயிறு சரியில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாமல், கறிகளைச் சோற்றுக்குள் கொட்டினேன். அகப்பையால் கிண்டினேன். நீ, ஜீவா, அப்பா, சின்னம்மா, நாலு பேரும் வட்டமாக இருந்தீர்கள். முதலில் புது மருமகளுக்கு என்று சின்னம்மா சொன்னாள். ஜீவா இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். நான் இடது கையைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு, வலது கை நகம் அவள் கண்ணில் படக்கூடாது என்று அகப்பையை உயர்த்தி, மேலேயிருந்து போட்டேன். பாதி அவள் கையில் விழுந்தது, பாதி நிலத்தில் விழுந்தது. அவள் கையைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். நிலத்தில் விழுந்ததைப் பொறுக்கத் தொடங்கினாள்.

நீ எழுந்து வந்து என் முன்னால் நின்றாய். "நீங்கள் மாறேல்லை, அம்மா" என்றாய். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தாலும் பரவாயில்லை. இன்னும் இரண்டு நாள் நிற்க இருந்தவர்கள் அடுத்த நாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டீர்கள். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்கு உடனே விளங்கியது. நான் பிறந்த வீட்டில் தோட்ட வேலைக்கு வந்த சில பேருக்குச் சோறும் தண்ணீரும் அப்படித்தான் கொடுக்கப்பட்டன. கை படாமல், உயரத்திலிருந்து. யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகியது. வேலைக்கு வந்த பெண்களுக்கு நானும் ஊற்றியிருக்கிறேன், பாவாடை கட்டுகிற வயதில். ஜீவாவின் தாய்க்கும் யாராவது அப்படிக் கொடுத்திருப்பார்கள். அதை அவள் தன் மகளுக்குச் சொல்லியிருப்பாள். நான் மறைக்க நினைத்தது நகத்தை. ஆனால் என் கை செய்தது அந்தப் பழைய வேலையை, ஒரு பிசகும் இல்லாமல்.

நீங்கள் போன பிறகு எனக்குப் பிடிவாதம் வந்தது. நகத்தைச் சுகப்படுத்திக்கொண்டு, சுத்தமான கையோடு கிளிநொச்சிக்கு வந்து இறங்கி, இரண்டு கையையும் நீட்டிக் காட்டி எல்லாம் சொல்லலாம் என்று முடிவெடுத்தேன். சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிகிற விசயத்துக்கு நான் தேர்ந்தெடுத்த வழி இது. முதலில் சங்கானைப் பாமசியில் ஒரு சின்ன ரியூப் கிறீம் வாங்கினேன். மலிவு. காலையும் மாலையும் பூசச் சொன்னார் கடைக்காரர். பூசினேன். பூசி அரை மணித்தியாலத்தில் தேங்காய் துருவ, அரிசி அரிக்க, கீரை அலச என்று கை மறுபடி தண்ணீருக்குள். கிறீம் எல்லாம் தொட்டிக்குள்ளேதான் போயிருக்கும். மூன்று ரியூப் முடிந்தது, நகம் அப்படியே இருந்தது. பிறகு யாரோ வினாகிரியில் ஊற வைக்கச் சொன்னார்கள். கோப்பையில் வினாகிரியை விட்டு விரலை அமிழ்த்திக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் அப்பா முதல் தடவையாகக் கவனித்தார். "என்னப்பா, விரலை அச்சாறு போடுறீரோ?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையை எடுத்துக் காட்டினேன். அன்றைக்குச் சோற்றை ஏன் அப்படிப் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் என் விரல்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "உதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கிழமை பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஜீவாவின் வயதுதான் இருக்கும் அந்தப் பெண் டொக்ரருக்கு. கையுறைகூடப் போடாமல் என் விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தா. "அம்மா, இது கறையில்லை. நகத்துக்குள்ளை பூஞ்சணம். தண்ணிக்கை நிக்கிற எல்லாருக்கும் வாறதுதான்" என்றா. எல்லாருக்கும் வருவது! நான் நாலு வருடமாக ஒளித்துத் திரிந்தது. விழுங்குகிற குளிசையும் இருக்கிறது, ஆனால் அது ஈரலைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், நீங்கள் கொலஸ்ட்ரோலுக்கும் போடுகிறீர்கள், இரத்தப் பரிசோதனையும் அவ்வளவு நல்லாக இல்லை, அதனால் பூசுமருந்துதான் என்றா. கிறீம் தடித்த நகத்துக்குள் இறங்காதாம். நகத்துக்கென்றே ஒரு பூச்சு இருக்கிறது, கிழமைக்கு ஒரு தரம் பூசினால் போதும், ஆனால் அது ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியில் வாங்க வேண்டும் என்று துண்டு எழுதித் தந்தா. யாழ்ப்பாணம் ரவுணில் மூன்றாவது பாமசியில்தான் அது இருந்தது. குப்பி என் பெருவிரல் அளவு. விலையைக் கேட்டுவிட்டு இன்னொரு தரம் கேட்டேன். அந்தக் காசுக்குக் கிறீம் ரியூப் ஒரு டசின் வாங்கலாம். "பிறகு வாறம்" என்று சொல்லி அப்பாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "கை உமக்கோ, கீரைக்கோ?" என்று கேட்டுவிட்டு, திரும்பிப் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

விலையை நினைத்து முதல் மாதம் மருந்தைத் தொட்டும் தொடாமலும் பூசினேன். அதுவும் பிழை. இனி உனக்குப் பூசுகிற விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். குப்பியோடு சின்ன அட்டை அரமும் ஸ்பிரிட் துண்டுகளும் வரும். பழுதான நகத்தை அராவி மெல்லிதாக்க வேண்டும், ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், பிறகு நகத்தில் மட்டும் பூசி ஐந்து நிமிடம் காய விட வேண்டும். நான் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே அரத்தால் நல்ல நகத்தையும் சேர்த்து அராவினேன். மோதிர விரலுக்கும் பரவியது. டொக்ரரிடம் ஏச்சு வாங்கினேன். அதைவிடப் பெரிய சிக்கல், இடது கைக்கு வலது கையால் பூசலாம், வலது கைக்கு யார் பூசுவது? இடது கையால் பூசினால் மருந்து நகத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருக்கும். தோல் எரியும். ஆகவே அப்பா அந்த வேலையை எடுத்துக்கொண்டார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கையைத் தன் மடியில் வைத்து, நாக்கைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பூசுவார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, வயது போன காலத்திலை அக்காவுக்குக் கியூடெக்ஸ் பூசுறியள்?" என்று கேட்டாள். "ஓம், இனி மருதாணியும் போட வேணும்" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல். இத்தனை வருடத்தில் அவர் என் கையை அவ்வளவு நேரம் பிடித்ததில்லை, மகனே. கீரை அலசுவதும் இப்போது அவர்தான். அலசத் தெரியவில்லை, வேரில் மண் நிற்கிறது என்று சங்கானை யாவாரி குறை சொல்கிறான். சொல்லட்டும்.

இதில் நான் படித்தது ஒன்று இருக்கிறது. மலிவான கிறீம் என்று வாங்கினேன், ஆனால் என் வேலைக்கு நடுவில் அதை நாளுக்கு இரண்டு தரம் பூச எனக்கு வாய்க்கவில்லை, வாங்கிய காசும் போயிற்று. விலை கூடிய குப்பியோ நூறு நாளுக்கு மேல் வந்தது, ஒரு நாளைக்குப் பார்த்தால் கடைத் தேத்தண்ணி ஒன்றின் காசு. எது நமக்குச் செய்யக்கூடியதோ அதுதான் மலிவு. இங்கிலாந்தில் எதை வாங்கும்போதும் விலைச்சீட்டை மட்டும் பார்க்காதே. உன்னுடையது வியர்வைக் கால். அங்கே குளிர் என்று நாள் முழுக்க சப்பாத்துக்குள் வைத்திருப்பாய். ஈரக் காலுறையோடு இருக்காதே, விரல் இடுக்கைத் துடை, உன் நகவெட்டியை ஒருவருக்கும் கொடுக்காதே, ஒருவருடையதையும் வாங்காதே. நகத்தில் சின்னப் புள்ளி கண்டாலும் அன்றைக்கே ஜீவாவிடம் காட்டு. நகம் என்று இல்லை, எதைக் கண்டாலும் அன்றைக்கே காட்டு. வீட்டில் தாதி இருக்கிறாள் என்று நான் பயந்தேன். அவள் இருக்கிறாள் என்று நீ ஆறுதல்பட வேண்டும்.

இந்த இடத்தில் நான் கடிதத்தை முடித்திருந்தால் நல்ல பெயர் எடுத்திருப்பேன். பாவம் அம்மா, நகத்தால் வந்த வினை என்று நீயும் நினைத்திருப்பாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கையை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டேன். மருமகள் பக்கத்துச் சண்டிலிப்பாயிலிருந்து, எங்கள் ஆட்களுக்குள் இருந்து வந்த ஒரு தாதியாக இருந்திருந்தால், நான் கையை ஒளித்திருப்பேனா? மாட்டேன். முதல் நாளே குசினிக்குள் கூப்பிட்டு, "பிள்ளை, இஞ்சை பார், என்ரை நகம் கிடக்கிற கிடையை. உதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டிருப்பேன். ஜீவாவிடம் அதைக் கேட்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் நான் ஒரு படி இறங்கி நிற்பதா என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று தடுத்தது. மூன்று கிழமையோடு அது போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை. ஆகவே நீ சொன்னது சரி. நான் மாறவில்லைத்தான். நீ நினைத்த காரணம் பிழை, ஆனால் நீ கண்டது பிழையல்ல. இதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்குப் பதினாறு மாதம் பிடித்தது, நகம் வளர அல்ல.

பத்து மாதப் பூச்சில் ஐந்து நகம் சுத்தமாகிவிட்டது. அடியிலிருந்து புது நகம் வெள்ளையாக, மெல்லிசாக மேலே தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். வலது பெருவிரல் மட்டும் அரைவாசியில் நிற்கிறது. இன்னும் மூன்று மாதம் பொறுங்கோ என்கிறா டொக்ரர். உங்களுக்கு இருப்பது ஐந்து கிழமை. முழுதாகச் சுகமாகட்டும், பிறகு போய்ச் சொல்வோம் என்று இனியும் இருந்தால் நான் விசரி. இந்தக் கடிதத்தை நீ வாசித்த பிறகு ஜீவாவிடம் கொடு. நான் கேட்ட அந்த முதல் கேள்வியையும், மூன்று கிழமையையும், கடைசியாக எழுதியதையும் மறைக்காமல் அவள் வாசிக்க வேண்டும். என் நகத்தைப் பற்றி மட்டும் சொல்லி அவளைச் சமாளிக்காதே. அவள் கோபப்பட்டால் அவளுக்காகக் கோபப்படு, எனக்காகச் சமாதானம் பேசாதே. போவதற்கு முன் இஞ்சை வரமாட்டேன் என்று அவள் சொன்னால், அதுவும் நியாயம். அப்பா மட்டும் வந்து வழியனுப்புவார்.

வருகிறேன் என்று சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வா. சமையல் எல்லாம் நான் செய்து வைப்பேன். அவளுக்கு ஊட்டி, என் குற்றத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தேன். அன்றைக்கு நிலத்தில் சோறு பொறுக்கியவளுக்கு மறுபடியும் நானா மேலே இருந்து கொடுப்பது? வேண்டாம். சட்டியை அவளுக்கு முன்னால் வைக்கிறேன். அவளுக்கு மனம் இருந்தால் குழைக்கட்டும். நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, வலது கையை, அந்தப் பெருவிரலோடு, நீட்டுவேன். அவள் அதில் ஒரு திரளை வைத்தால் சாப்பிடுவேன். வைக்காவிட்டாலும் அவள் எழும்பும்வரை கையை மடக்கமாட்டேன்.

அம்மா